வகுப்பு முடிந்த பிறகு: குறுகிய கால மொழிப் பயணமும் அதன் சனி ஞாயிறுகளும்

வெள்ளிக்கிழமை நண்பகலில் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்து ஸ்பானிஷ் பள்ளிகள் கலைகின்றன. முற்றத்துச் செடிகொடிகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேசைகள், மேசைக்கு ஒரு மாணவர், எதிரே ஓர் ஆசிரியர். காலை எட்டு மணி தொடங்கிப் பன்னிரண்டு வரை வினைச்சொற்களோடு மல்லுக்கட்டு. அது முடிந்ததும் கல் பாவிய தெருக்களில் வேன்கள் வந்து நிற்கின்றன. ஆத்தித்லான் ஏரி, திக்கால் கோயில்கள், எரிமலை என்று ஆளுக்கொரு திசை. வேனுக்குள் ஏறியவுடன் கனடாக்காரரும் ஜெர்மன்காரரும் இஸ்ரேல்காரரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். ஐந்து நாள் பாடுபட்டுச் சேர்த்த ஸ்பானிஷ் ஞாயிறு இரவு வரை பையிலேயே கிடக்கும்.

இந்தச் சனி ஞாயிறு படிப்பின் பகுதியா, படிப்பிலிருந்து விடுதலையா? அயல்நாடு போய் மொழி படிப்பது பற்றிய விவாதங்களில் இதற்குப் பெரும்பாலும் ஓரத்தில்தான் இடம். பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, தங்கும் வீடு ஆகியவை அலசப்படுகின்றன. வார இறுதியோ விளம்பரப் படங்களுக்கு உரியதாக விடப்பட்டுவிட்டது. படிக்கும் காலம் சுருங்கச் சுருங்க அதன் பங்கு பெருத்துக்கொண்டே வருகிறது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

பழைய ஏற்பாடுகள் நீளமானவை. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அழைத்துப்போனார். முதலில் நான்சி நகரத்தில் மொழிப் பயிற்சி, பிறகு பாரிஸில் படிப்பு. மூன்றாமாண்டை அயல்நாட்டில் கழிப்பது என்ற அமெரிக்கக் கல்லூரி வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. இத்தாலியின் பெருஜியாவில் அயல்நாட்டாருக்கென்றே இத்தாலிய மொழி, பண்பாட்டுப் படிப்பு 1921இல் தொடங்கி, பின்னர் தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987இல் வந்தபோதும் கணக்கு மாதங்களில்தான் இருந்தது. இன்னொரு பக்கம், 1965இல் ஸ்வீடனின் பெர்டில் ஹுல்ட் தொடங்கிய இஎஃப் போன்ற நிறுவனங்கள் பள்ளி விடுமுறைக்குள் அடங்கும் மொழிப் பயணத்தைப் பெருவணிகமாக்கின. இன்று வேலைக்குப் போகிறவர் விடுப்பெடுத்துக்கொண்டு இரண்டு வாரமோ மூன்று வாரமோ படிக்கப் போகிறார். ஓராண்டு தங்குபவருக்கு ஒரு சனிக்கிழமை வீணானால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மூன்று வாரக்காரருக்கு 21 நாளில் 6 நாள் சனி ஞாயிறு. விழித்திருக்கும் நேரத்தைப் பார்த்தால் அந்த ஆறு நாளே மொத்த வகுப்பு நேரத்தைவிட அதிகம்.

வகுப்பு நேரம் எவ்வளவு? நாளுக்கு நான்கு மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் மூன்று வாரத்தில் 60 மணி நேரம். ஆங்கிலம் பேசும் தன் தூதரக ஊழியர்கள் வேலைக்குப் போதுமான ஸ்பானிஷை எட்ட 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க அயலுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் நெடுங்கால மதிப்பீடு. தமிழ் பேசுகிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு ஸ்பானிஷ் இன்னும் தொலைவு. எப்படிப் பார்த்தாலும் மூன்று வாரம் என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அந்த 60 மணி நேரத்தை உள்ளூரிலேயே குறைந்த செலவில் வாங்கிவிடலாம். ஆகவே விமானச் சீட்டுக்கு நியாயம் சொல்ல வேண்டியது வகுப்புக்கு வெளியே நடப்பதுதான்.

வெளியே என்ன நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மொழிகளை முதன்மைப் பாடமாகப் படித்து முடிக்கும் நிலையில் இருந்த மாணவர்களைச் சோதித்து ஜான் கரோல் 1967இல் வெளியிட்ட ஆய்வு, அயல்நாட்டில் ஒரு கோடைக்காலம் இருந்தவர்கள்கூட மற்றவர்களை முந்தியிருந்தார்கள் என்று காட்டியது. பயண விளம்பரக்காரர்களுக்கு அதைவிட இனிப்பான செய்தி கிடையாது. ஆனால் ஆர்வமும் வசதியும் உள்ளவர்கள்தான் பயணம் போனார்கள் என்றால் முந்தியதற்குக் காரணம் பயணமா, ஆர்வமா? அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

2004இல் பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி மூவரும் பிரெஞ்சு கற்கும் அமெரிக்க மாணவர்களை மூன்று குழுவாக ஒப்பிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கம்போல் படித்தது. இன்னொன்று பாரிஸில் தங்கிப் படித்தது. மூன்றாவது அமெரிக்காவிலேயே, பிரெஞ்சு மட்டும் பேச வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு நடந்த கோடை முகாமில் இருந்தது. சரளத்தில் அதிகம் முன்னேறியது முகாம் குழு. கடலைத் தாண்டாதவர்கள் பாரிஸ்காரர்களை முந்தினார்கள்! காரணம் மர்மமானதல்ல. முகாமில் இருந்தவர்கள் வாரத்தில் கூடுதல் மணி நேரம் பிரெஞ்சு பேசினார்கள், எழுதினார்கள். பாரிஸில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் புழங்கியதாகச் சொன்னார்கள்.

மூன்று நான்கு வாரம் போதாது என்று இதை வைத்து முடிவுகட்டவும் முடியாது. ஸ்பெயினைச் சேர்ந்த ஆஞ்ஜல்ஸ் லியானெஸ், கார்மென் முன்யோஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் பேசும் நாட்டில் மூன்று நான்கு வாரம் மட்டுமே இருந்து திரும்பிய இளம் மாணவர்களைப் பற்றியது. கேட்டுப் புரிந்துகொள்வது, சரளம், பிழையின்மை எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. குறைவாகத் தெரிந்தவர்களுக்கே அதிக லாபம் என்றும் தெரிந்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நாடு மாறினால் மொழி தானாக ஒட்டாது, காலம் குறைவு என்பதால் ஒட்டாமலும் போகாது. எத்தனை மணி நேரம் வேறு வழியின்றி அந்த மொழியில் இருந்தீர்கள் என்பதே கேள்வி. வார இறுதியை எடைபோடவும் இதே தராசு போதும்.

ஆன்டிகுவாவுக்குத் திரும்புவோம். மொழிப் பள்ளித் தொழில் அங்கே ஏன் வேர்விட்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1543இல் இந்த இடத்தில் எழுந்து, ஸ்பெயின் ஆட்சியின் மத்திய அமெரிக்கத் தலைநகராக இருந்த ஊர் அது. 1773 ஜூலை நிலநடுக்கங்களில் சிதைந்தபின் தலைநகரத்தை இன்றைய குவாத்தமாலா நகரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெயரே பழைய குவாத்தமாலா என்றாகிவிட்டது. இடிந்த தேவாலயங்களும் தாழ்ந்த வண்ண வீடுகளும் அப்படியே நிற்க, 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரம், இதமான குளிர், நடந்தே சுற்றிவரக்கூடிய ஊர்.

1969இல் இங்கே தொடங்கிய பிரான்சிஸ்கோ மரோக்கின் மொழியியல் திட்டம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது. ஒரு கை அயல்நாட்டாருக்கு ஸ்பானிஷ் கற்பித்தது; இன்னொரு கை நாட்டின் தொல்குடிகளான மாயா மக்களையே மொழியியலாளர்களாகப் பயிற்றுவித்து, அவர்கள் மொழிகளுக்கு அகராதியும் இலக்கணமும் எழுதவைத்தது. ஸ்பானிஷ் கற்க வந்தவர் கட்டிய பணம் மாயா மொழி ஆய்வுக்குத் துணைநின்றது. அப்படிப் பயின்றவர்களில் பலர் பிற்பாடு மாயா மொழி இயக்கத்தில் முன்னணியில் இருந்தார்கள். 1987இல் மாயா மொழிகளுக்கு ஒருங்கிணைந்த எழுத்துமுறை அரசு ஒப்புதல் பெற்றது. 1990இல் மாயா மொழிகள் அகாதெமிக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. இதில் எதையும் அறியாமல்தான் பெரும்பாலான மாணவர்கள் வந்து, வினைமுற்றுகளை மனப்பாடம் செய்து, எரிமலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல, பள்ளிகளும் சொல்வதில்லை.

மாணவர்கள் பெரும்பாலும் குடும்பங்களோடு தங்குகிறார்கள். வழக்கமான ஏற்பாட்டில் திங்கள் முதல் சனி வரை மூன்று வேளைச் சாப்பாடு. ஞாயிறு வீட்டம்மாவுக்கு ஓய்வு. இந்த ஒரு விதி வார இறுதியையே வடிவமைத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வெளியேதான் சாப்பிட வேண்டும், அதற்கு ஊரைவிட்டே போய்விட்டால் என்ன என்று கிளம்பிவிடுகிறார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பேச்சுக்கு நல்ல இடம் என்று பள்ளிகள் சொல்லிக்கொள்வதிலும் பாதிதான் உண்மை. வாரம் தவறாமல் புதிய முகத்தைப் பார்க்கும் வீட்டம்மாவிடம் எந்த ஊர், எத்தனை சகோதரர்கள், சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று ஒரு கேள்வித்தொடர் தயாராக இருக்கும். முதல் வாரம் அது பெரிய உதவி. மூன்றாம் வாரத்தில் மாணவருக்கு எல்லாப் பதிலும் அத்துப்படி, அதற்கு அப்பால் போகத்தான் வழியில்லை.

சனி ஞாயிறில் விற்கப்படும் சுற்றுலாக்களில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஸ்பானிஷ் இருக்கிறது? திக்காலின் மாயா கோயில்கள் பிரம்மாண்டமானவை என்பதில் சந்தேகமே இல்லை. அடர்காட்டின் தலைக்கு மேல் எழும் நான்காம் கோயில் 60 மீட்டருக்கு மேல் உயரம். ஆனால் அது நாட்டின் வடகோடியில் இருக்கிறது. விமானத்தில் போய் ஆங்கில வழிகாட்டியோடு சுற்றித் திரும்பினால் ஸ்பானிஷ் பேச வேண்டிய கட்டாயம் எங்குமே வராது. செமுக் சாம்பேயின் சுண்ணாம்புக்கல் குளங்களுக்கு வேனில் ஒரு பகல் முழுக்கப் போகவும் இன்னொரு பகல் திரும்பவும் ஆகும். சனி ஞாயிறுக்குள் அதை அடைப்பது, குளத்துக்காக அல்ல, வேனுக்காகப் பணம் கட்டுவது.

3,976 மீட்டர் உயர அக்காத்தெனாங்கோ ஏற்றத்தில் கொஞ்சம் வேறு கணக்கு. வழிகாட்டிகள் அடிவாரத்துக் கிராமத்து இளைஞர்கள், பேச ஆசைப்படுபவர்கள். ஏறும்போது மூச்சுக்கே பஞ்சம் என்பதால் எந்த மொழியிலும் பேச்சு எழாது. முகாமில் தீ மூட்டிய பிறகு குழுவோடு சேர்ந்து உட்காராமல் சமைப்பவர் பக்கத்தில் போய் உட்காருகிறவருக்கு இரண்டு மணி நேரம் நல்ல ஸ்பானிஷ் கிடைக்கும். எதிரே ஃபுயேகோ எரிமலை இருட்டில் தீப்பிழம்பு கக்குவதைப் பார்க்கத்தான் எல்லாரும் அங்கே ஏறுகிறார்கள். அதே ஃபுயேகோ 2018 ஜூன் 3 அன்று, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெடித்துச் சரிந்து சான் மிகெல் லோஸ் லோத்தெஸ் என்ற குடியிருப்பையே சாம்பலில் புதைத்தது. அந்தப் பகுதிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். கேட்பதற்கு இறந்தகால வினைகள் கொஞ்சம் கைவசம் இருக்க வேண்டும், கேட்கும் பக்குவமும் வேண்டும்.

சந்தைகளையும் ஏரிக்கரை ஊர்களையும் தனியாகப் பேச வேண்டும். குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தங்களை மாயா என்று பதிந்துகொண்டார்கள். வியாழன், ஞாயிறுகளில் சந்தை கூடும் சிச்சிகாஸ்தெனாங்கோ கிச்சே மொழிக்காரர்களின் ஊர். மாயா தொன்மங்களின் பெருநூலான போபோல் வூ நமக்குக் கிடைத்திருப்பதே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் எடுத்துவைத்த பிரதியால்தான். ஆத்தித்லான் ஏரியின் ஒரு கரையில் கக்சிக்கெல், மறு கரையில் சுட்டுஹில். இங்கே ஒரு கத்தரிக்காய் வியாபாரியும் ஜப்பானிய மாணவியும் ஸ்பானிஷில் பேரம் பேசினால் அது இருவருக்குமே இரண்டாம் மொழி. வியாபாரி அளந்து பேசுகிறார், சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். மாணவியின் பிழை அவருக்கு உறுத்துவதில்லை. மூன்று வாரக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சுத்துணை அமையாது. தலைநகரத்து இளைஞர் கூட்டத்தில் விட்டால் அதே மாணவி வாய் திறக்கவே மாட்டாள்.

இதிலும் ஓட்டை உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கான துணிக்கடை வரிசையில் விலையை ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சந்தைக் கட்டடத்துக்குள் காய்கறிப் பக்கம் போனால்தான் ஸ்பானிஷ் தேவைப்படும். சிச்சிகாஸ்தெனாங்கோவுக்குப் போகும் வழியும் முக்கியம். அமெரிக்காவில் ஓடித் தேய்ந்த பள்ளிப் பேருந்துகளை வாங்கி வண்ணமடித்து ஓட்டும் கமியோனெத்தாவில் போனால் சிமால்தெனாங்கோவிலும் லோஸ் என்குயென்ட்ரோஸிலும் வண்டி மாற வேண்டும். இருவர் இருக்கையில் மூவர் நெருக்கி உட்கார்ந்திருக்கையில் பேச்சு தானே வந்துவிடும். பாதுகாப்பு கருதிப் பல பள்ளிகள் இந்தப் பேருந்து வேண்டாம் என்கின்றன. அந்த எச்சரிக்கை வெறும் பயமுறுத்தல் அல்ல. சில தடங்களில் வழிப்பறி நடந்திருக்கிறது. பகலில், ஊரறிந்த ஒருவரோடு போவது நடுவழி. சில பள்ளிகளில் கூடுதல் கட்டணத்துக்கு ஆசிரியரே வார இறுதிப் பயணத்தில் உடன் வருவார். அதிகம் விளம்பரம் இல்லாத இந்த ஏற்பாடுதான், என் கணிப்பில், பள்ளிகள் விற்கும் எல்லாவற்றிலும் சிறந்த சரக்கு.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்விக்கு வேறு வேறு விடைகள். கொரிய மாணவர்கள் ஆங்கிலம் கற்கப் போகும் பிலிப்பைன்ஸின் பாகியோ, செபு நகரங்களில் ஸ்பார்ட்டா முறை என்று சொல்லிக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. வார நாட்களில் வாசலைத் தாண்ட முடியாது, காலை முதல் இரவு வரை பாடம். சனிக்கிழமை கதவு திறந்ததும் சிறைமீண்டவர்களாகத் தங்கள் நாட்டவரோடு தாய்மொழி பேசிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறார்கள். மால்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் கோசோத் தீவுக்குப் போகும் படகிலும் அது செல்லுபடியாகும். ஆனால் கோடையில் அந்தப் படகு நிறைய வேறு மொழிப் பள்ளிகளின் மாணவர்கள்தான். தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புக்காக மதுரைக்கு வரும் மாணவர்கள் எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவர்கள். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் அவர்கள் தமிழில் வழி கேட்டால் நாம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். விருந்தோம்பல் என்று நினைத்துத்தான் செய்கிறோம், அவர்கள் வந்த காரியத்தை அதுவே கெடுத்துவிடுகிறது.

கடைசி வார இறுதிக்கு வருகிறேன். பொதுவாக முதல் சனி ஞாயிறில் ஊருக்குள் சுற்றுவார்கள், இரண்டாவதில் ஏரி, கடைசியில் பெரிய சுற்றுலா, பெரும்பாலும் திக்கால். பார்க்க வேண்டியதில் ஆகப் பெரியதை முடிவுக்கு வைப்பது இயல்பான ஆசைதான். மொழிக் கணக்கில் அது தலைகீழ். பயணம் முழுவதிலும் நாக்கு மிகவும் பழகியிருப்பது கடைசி இரண்டு நாளில்தான். அந்த இரண்டு நாளையும் ஆங்கிலச் சுற்றுலாவில் கழிக்கிறார்கள். திக்காலுக்கு முதல் வாரத்தில் போகலாம், ஒன்றும் பேசத் தெரியாதபோது கோயில்களைப் பார்த்து வாய்பிளப்பதில் எந்த நட்டமும் இல்லை. கடைசி ஞாயிறு பக்கத்து ஊருக்கு உரியது, அல்லது தங்கிய தெருவுக்கே.

தவக்காலத்தில் வருகிறவருக்கு இது எளிது. அந்தக் காலத்து ஞாயிறுகளில் ஆன்டிகுவாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெரும் சிலைகளைத் தோளில் தூக்கி ஊர்வலம் வரும். வீதியில் மரத்தூளையும் பூக்களையும் பைன் இலைகளையும் கொண்டு அல்ஃபோம்பிரா என்னும் வண்ண விரிப்புகளைக் குடும்பம் குடும்பமாக இடுவார்கள். மார்கழி வாசல் கோலத்தைத் தெரு நீளத்துக்கு இழுத்துவிட்டது போல இருக்கும், ஊர்வலம் மிதித்துப் போனதும் கதை முடிந்தது. தங்கிய வீட்டார் விரிப்பு இடும்போது சல்லடையைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார்ந்தால் அங்கே, கொஞ்சம், இன்னும், நிறுத்து, பச்சையைக் கொடு, மிதிக்காதே என்று கட்டளைகளாகவே மொழி கொட்டும். எதிரே இருப்பவரை வகுப்பில் ஆசிரியர் அடிக்கடி மரியாதையாக உஸ்தெத் (நீங்கள்) என்பார், பாடநூல் தூ (நீ) என்று சொல்லித்தரும், தெருவில் வேலைக்கு நடுவே பறப்பதெல்லாம் குவாத்தமாலாவின் வோஸ் என்னும் இன்னொரு நீ. நவம்பர் முதல் நாளில் சும்பாங்கோவில் பல மீட்டர் அகலக் காற்றாடிகளைக் கட்டி நிறுத்தும் திருவிழாவுக்கும் இதே பொருந்தும். பார்க்கப் போகிறவருக்குக் கிடைப்பது படம். முந்தின நாளே போய்க் கயிறு பிடித்தவருக்குப் பேச்சும் கிடைக்கும்.

இதற்கு எதிர்வாதம் வலுவானதுதான். நாளெல்லாம் அயல்மொழியில் இருந்த மூளை களைத்துப்போகும். சனிக்கிழமை தாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ சிரித்துப் பேசாவிட்டால் திங்கட்கிழமைப் பாடம் ஏறாது. குவாத்தமாலாவுக்கு ஒருமுறைதான் போக வாய்க்கும் என்றிருப்பவரைத் திக்காலைப் பார்க்காதே என்று தடுக்க யாருக்கும் உரிமையில்லை. வழிகாட்டி, வேன் ஓட்டி, படகுக்காரர் என்று பலரின் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஓய்வும் காட்சியும் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அவற்றைப் படிப்பின் கட்டணத்தோடு சேர்த்து ஒரே பொட்டலமாக விற்கும்போது, இதுவும் மொழிப் பயிற்சிதான் என்று சொல்லாமல் சொல்வது மட்டும்தான் நேர்மைக் குறைவு.

ஊர் திரும்பிய பிறகு மறதி தன் வேலையைக் காட்டும். முதல் நாட்களில்தான் மறதி வேகமாக இருக்கும் என்று ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். 2020இல் பெருந்தொற்று எல்லைகளை மூடியபோது ஆன்டிகுவாப் பள்ளிகள் பல காணொளி வகுப்புக்கு மாறின. அந்த வழி பின்னரும் திறந்தே இருக்கிறது. திரும்பிப் போன மாணவர் அதே ஆசிரியரிடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தொடரலாம். மறதிக்கு அது நல்ல அணை. ஆனால் காணொளி வகுப்பு பயணத்தின் நியாயத்தை இன்னும் குறுக்கிவிட்டது. அந்த முற்றத்து மேசை இப்போது சென்னையிலும் கிடைக்கிறது, கோலாலம்பூரிலும் கிடைக்கிறது. கமியோனெத்தாவின் மூன்றாவது ஆளும் சந்தைக்குள் காய்கறிப் பக்கமும் மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பள்ளிகள் இதைப் புரிந்துகொண்டால் கட்டணப் பட்டியலில் வகுப்பு மணிகளைக் குறைத்து, ஆசிரியரோடு போகும் சனிக்கிழமையை மேலே எழுத வேண்டியிருக்கும். ஆசிரியர்களுக்கு அந்தச் சனிக்கிழமைக்குத் தனிச் சம்பளமும் தர வேண்டியிருக்கும்.